‘பிளம்மெட்’ என்று வந்தால் தமிழில் என்ன எழுதுவது? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலச் செய்தியையோ அலுவலக அறிக்கையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘பிளம்மெட்’ என்ற ஆங்கில வினை அடிக்கடி எதிர்ப்படும். சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணம், பங்கு விலை, ரத்த அழுத்தம், ஊழியர்களின் உற்சாகம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் இந்த ஒரு வினையையே போட்டுவிடும். அகராதியைத் திறந்தால் ‘சரி, வீழ்ச்சியடை’ என்று இருக்கும். அதை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினால் ‘வெப்பநிலை சரிந்தது’, ‘ரத்த அழுத்தம் வீழ்ச்சியடைந்தது’ என்று, படிப்பவர் ஒரு கணம் தடுக்கி நிற்கும் வாக்கியங்கள் வந்து விழும்.

ஆங்கிலம் வேகம், ஆழம், கட்டுப்பாடின்மை மூன்றையும் ஒரே வினைக்குள் அடைத்துவிடுகிறது. தமிழ் அவற்றைப் பிரித்து வைக்கும். வினை ஒன்று சொல்லும், ‘மளமளவென’ போன்ற அடை ஒன்று சொல்லும், எண்ணில் ஒட்டும் வேற்றுமை உருபு மீதியைச் சொல்லும். அதனால் ‘பிளம்மெட்’டுக்கு நிகரான ஒற்றைத் தமிழ்ச்சொல்லைத் தேடுவதில் பயனில்லை. எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். வினை அங்கிருந்துதான் வரும்.

முதலில் சொல்லின் வேர்

லத்தீனில் ஈயத்துக்கு ‘பிளம்பம்’ என்று பெயர். வேதியியல் அட்டவணையில் ஈயத்தின் குறியீடு ‘பிபி’ ஆனது அதனால்தான். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘பிளம்மெட்’ ஒரு பெயர்ச்சொல். பொருள், சின்ன ஈயக் குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டு அதுதான். கடலின் ஆழம் பார்க்க மாலுமிகள் கயிற்றில் கட்டி இறக்கியதும் அதே குண்டுதான். மாலுமிகளின் குண்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். அதில் விலங்குக் கொழுப்பைத் திணித்து இறக்குவார்கள். மேலே இழுக்கும்போது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, அடியில் கிடப்பது மணலா சேறா என்று சொல்லிவிடலாம்.

ஈயம் தண்ணீரைவிடப் பதினொரு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. கையை விட்டதும் மிதக்காது, தயங்காது, நேராகக் கீழே போகும். சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருந்தால் இது விளங்கும். ஈயம் கட்டிய முனை தண்ணீரைத் தொட்டதும் ‘ளொடக்’ என்று மறைந்துவிடும், நூல் மட்டும் சரசரவென ஓடிக்கொண்டிருக்கும். சடாரென விழுவதைக் குறிக்கும் வினையாக ‘பிளம்மெட்’ பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். ‘பிளஞ்ச்’ என்ற சொல்லுக்கும் இதே ஈயம்தான் தாய். குழாய் அடைப்பெடுக்க வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு வரும் ‘பிளம்பர்’கூட ஒரு காலத்தில் ஈயக் குழாய் வேலைக்காரர்.

இந்தக் கதை எதற்கென்றால், ‘பிளம்மெட்’ என்று படித்ததும் மனத்தில் அந்த ஈயக் குண்டு விழ வேண்டும். மாடிப்படியில் இறங்குகிற மாதிரியோ மலைச்சரிவில் உருளுகிற மாதிரியோ தோன்றினால், அங்கே ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே தவறாக வந்திருக்கலாம்.

படி 1: உண்மையிலேயே ‘பிளம்மெட்’தானா என்று சோதியுங்கள்

மூன்று கேள்விகள். எவ்வளவு விழுந்தது? எத்தனை நாளில் விழுந்தது? விழும்போது யாராவது பிடித்து நிறுத்த முடிந்ததா? முதல் கேள்வியை எல்லாரும் கேட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 ஜனவரி 3ஆம் தேதி நடந்த வாகன உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவுக் கட்டணம் 65,010 வெள்ளியில் முடிந்தது. அதற்கு முந்தைய ஏலத்தில் அது 85,000 வெள்ளி. அதாவது 19,990 வெள்ளி குறைவு, 23.5 விழுக்காடு. அடுத்து, சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை. 2015இல் அது 1.24, 2023இல் 0.97. ஏறக்குறைய 22 விழுக்காடு குறைவு.

விழுக்காடு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதலாவது ஒரே ஏலத்தில் நடந்தது, இரண்டாவதற்கு எட்டு ஆண்டு ஆயிற்று. சிஓஇக்கு ‘பிளம்மெட்’ தாராளமாகப் பொருந்தும். கருவள விகிதத்துக்குக் குறைவதைச் சொல்லும் ‘டிக்லைன்’, நழுவுவதைச் சொல்லும் ‘ஸ்லைட்’ போதும். தமிழில் ‘குறைந்துகொண்டே வந்து ஒன்றுக்கும் கீழே போய்விட்டது’ என்று எழுதினால் செய்தியின் கனம் முழுதும் வந்துவிடும். அதே விகிதம் 1965இல் 4.66ஆக இருந்து 1970களின் நடுவில் 2.1க்கும் கீழே போனதே, அதைப் பற்றி எழுதுகிற வரலாற்றாசிரியர் ‘பிளம்மெட்’ என்றால் மறுக்க முடியாது. மக்கள்தொகைக் கணக்கில் பத்தாண்டு என்பது ஒரு மூச்சு. ஏலச் செய்தியில் பத்தாண்டு என்பது ஒரு யுகம். அளவுகோல் விழுகிற பொருளைப் பொறுத்தது.

நிதிச் செய்திகளில் இன்னொரு கவனம் வேண்டும். அண்மைய உச்சத்திலிருந்து 10 விழுக்காடு இறங்கினால் ‘கரெக்‌ஷன்’, 20 விழுக்காடு இறங்கினால் ‘பேர் மார்க்கெட்’ என்று சந்தைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ‘பிளம்மெட்’டுக்கு அப்படி எந்த எல்லையும் கிடையாது. 1987 அக்டோபர் 19ஆம் தேதி அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு இழந்தது. அதற்கும் இதே சொல்தான், பரபரப்பு விரும்பும் ஆசிரியர் 3 விழுக்காட்டுக்குப் போடுவதும் இதே சொல்தான். மூலத்தில் இருக்கிறது என்பதற்காக 3 விழுக்காட்டைத் தமிழிலும் ‘தலைகுப்புற’ விழவைக்கத் தேவையில்லை. எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

மழைக்காலத்தில் இங்கே சிங்கப்பூரில் 22 டிகிரிக்கு இறங்கினாலே ‘பிளம்மெட்’ என்று எழுதுபவர்கள் உண்டு. நமக்குக் குளிர்தான், சட்டையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம், ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் அது ஈயக் குண்டு அல்ல.

படி 2: எது விழுகிறதோ அதற்கேற்ற வினையை எடுங்கள்

இதுதான் வேலையின் முக்கால் பங்கு.

விலை, கட்டணம், பங்கு, குறியீடு, செல்வாக்கு: இவற்றுக்குச் ‘சரிந்தது’ இயல்பாக ஒட்டும். ஆனால் ‘சரிவு’ என்பதில் சாய்வு இருக்கிறது. நிலச்சரிவில் மண் சாய்ந்து வழுக்கி வரும். நீர்வீழ்ச்சியில் தண்ணீர் நேராக விழும். செங்குத்தான விழுகையை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வீழ்ச்சி’ நல்லது, அல்லது ‘மளமளவெனச் சரிந்தது’ என்று வேகத்தை அடையில் ஏற்றுங்கள். ‘கிடுகிடுவென’ என்பதைத் தவிர்க்கலாம். அது தமிழ்க் காதில் விலை ஏறும் ஓசை.

வியாபாரம்: ‘வணிகம் வீழ்ச்சி கண்டது’ என்பது அறிக்கைத் தமிழ். தேக்காவில் ஒரு கடைக்காரரிடம் கேட்டால் ‘வியாபாரம் படுத்துவிட்டது’ என்பார், இன்னும் மோசமென்றால் ‘ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம்’ என்பார். பேட்டி, கட்டுரை என்றால் இதையே எழுதுங்கள். காலாண்டு அறிக்கைக்கு மட்டும் ‘விற்பனை வீழ்ச்சி’. ‘நொடித்துப்போனது’ என்பதைக் கைதவறிப் போட்டுவிடாதீர்கள். அது கடனடைக்க முடியாமல் திவாலாகும் நிலை. விற்பனை பாதியானதற்கு அந்தச் சொல்லைப் போட்டால் வழக்கறிஞர் கடிதம் வரலாம்.

வெப்பநிலை, மதிப்பெண், நீர்மட்டம்: இவை ‘இறங்கும்’. ‘சட்டென்று இறங்கியது’, ‘மளமளவென இறங்கிவிட்டது’. மதிப்பெண் ‘சரிந்தது’ என்றால் பெற்றோருக்குப் புரியும், ஆனால் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மனவுறுதி, நம்பிக்கை, உற்சாகம்: ஆங்கிலத்தில் ‘மொரால் பிளம்மெட்டட்’. தமிழில் நம்பிக்கை விழுவதில்லை. தளரும், உடையும், நொறுங்கும். ‘ஊழியர்கள் மனமுடைந்து போனார்கள்’ என்று ஆளை எழுவாயாக்கினால் வாக்கியம் தானே நிமிர்ந்து நிற்கும்.

விலங்கு, பறவைகளின் எண்ணிக்கை: ‘மிக வேகமாகக் குறைந்தது’ போதும். ‘அருகிவிட்டது’ அழகான சொல்தான், ஆனால் அது விழுந்து முடிந்து, அரிதாகிப்போன நிலை. ஐந்தாயிரம் இரண்டாயிரம் ஆனதற்கு அது வராது.

ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு: இங்கே தவறினால் வாக்கியத்தோடு போகாது. மருத்துவமனையில் தாதி ‘பிபி பிளம்மெட்’ என்று சொன்னதை முதியவரின் குடும்பத்திடம் ‘ரத்த அழுத்தம் குறைந்துவிட்டது’ என்று சொன்னால், பல ஆண்டு உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டவர் வீட்டில் அது நல்ல செய்தி. ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விடுவார்கள். ‘ரத்த அழுத்தம் அபாயகரமான அளவுக்கு இறங்கிவிட்டது’ என்று ‘அபாய’த்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘தணிந்தது’ என்ற சொல்லை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். காய்ச்சல் தணியும், கோபம் தணியும், இரண்டும் நல்லதற்கு.

மனிதர் உயரத்திலிருந்து விழுந்த செய்தி: சில வெளிநாட்டு ஏடுகள் அதற்கும் ‘பிளம்மெட்’ போடும். தமிழில் ‘விழுந்தார்’ என்பதற்கு மேல் ஓர் அடைகூட வேண்டாம்.

படி 3: எண்ணில் வேற்றுமை உருபைச் சரிபாருங்கள்

‘பை’, ‘டு’, ‘ஃப்ரம்’ என்ற மூன்று சிறு சொற்கள் ‘பிளம்மெட்’டுக்குப் பின்னால் வரும். பெரும்பாலான எண் பிழைகள் இங்கேதான்.

சாங்கி விமான நிலையத்தில் 2019இல் 68.3 மில்லியன் பயணிகள். கொவிட் ஆண்டான 2020இல் 11.8 மில்லியன். இதைச் சரியாகச் சொல்ல மூன்று வழி உண்டு: ‘பயணிகள் எண்ணிக்கை ஏறக்குறைய 83 விழுக்காடு வீழ்ந்தது’, ‘68.3 மில்லியனிலிருந்து 11.8 மில்லியனுக்கு வீழ்ந்தது’, ‘முந்தைய ஆண்டின் 17 விழுக்காட்டுக்கு வீழ்ந்தது’. ‘83 விழுக்காடு’ என்பதில் ஒரு ‘க்கு’ கூடுதலாக ஒட்டி ‘83 விழுக்காட்டுக்கு வீழ்ந்தது’ என்றால், நூற்றுக்கு 17 பேர்தான் வராமல் போனார்கள் என்று கதை தலைகீழாகிவிடும்.

‘மடங்கு’ என்பதைக் குறைவுக்குப் பயன்படுத்தாதீர்கள். ‘ஆறு மடங்கு குறைந்தது’ என்றால் கணக்கு எதுவும் இல்லை. ஒரு மடங்கு குறைந்தாலே பூச்சியம். ‘ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது’ என்று எழுதினால் தெளிவு.

விழுக்காடு வேறு, விழுக்காட்டுப் புள்ளி வேறு. ஆதரவு 40 விழுக்காட்டிலிருந்து 30க்குப் போனால் அது 10 விழுக்காட்டுப் புள்ளிச் சரிவு, ஆனால் 25 விழுக்காட்டுக் குறைவு. மூலத்தில் எது இருக்கிறதோ அதையே எடுக்க வேண்டும்.

பூச்சியத்துக்குக் கீழே போனால் விழுக்காட்டையே விட்டுவிடுங்கள். 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத முன்பேர ஒப்பந்தம் பீப்பாய்க்கு 18.27 அமெரிக்க டாலரிலிருந்து மைனஸ் 37.63 டாலருக்குப் போய் முடிந்தது. 306 விழுக்காடு சரிவு என்று கணக்குப் போடலாம், யாருக்கும் எதுவும் புரியாது. ‘எண்ணெயை எடுத்துக்கொண்டு போக வாங்குபவருக்கே பணம் கொடுக்கும் நிலை’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

படி 4: யார் தள்ளியது என்று பாருங்கள்

‘பிளம்மெட்’ செயப்படுபொருள் ஏற்காத வினை. விலை தானே விழும். யாரும் விலையைப் ‘பிளம்மெட்’ செய்ய முடியாது. காரணத்தைச் சொல்ல ஆங்கிலம் ‘சென்ட் பிரைசஸ் பிளம்மெட்டிங்’ என்று சுற்றி வளைக்கும். அதை அப்படியே ‘விலைகளைச் சரிவுக்கு அனுப்பியது’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழுக்கு இந்தச் சுற்றே வேண்டியதில்லை. நம்மிடம் சரிந்தது–சரித்தது, இறங்கியது–இறக்கியது, வீழ்ந்தது–வீழ்த்தியது என்று இணை இணையாக வினைகள் இருக்கின்றன. ‘வரி அறிவிப்பு பங்கு விலைகளைச் சரித்துவிட்டது’, முடிந்தது.

துணைவினையிலும் பொருள் மாறும். ‘சரிந்து வருகிறது’ என்றால் நாள்பட, மெல்ல. ‘சரிந்துகொண்டிருக்கிறது’ என்றால் இந்த நிமிடம், கண்ணெதிரே. ‘சரிந்துவிட்டது’ என்றால் முடிந்த கதை. ‘பிளம்மெட்’டுக்கு முதலாவது பெரும்பாலும் பொருந்தாது, ஈயக் குண்டு ‘விழுந்து வருவது’ இல்லை.

படி 5: அண்டை வீட்டுச் சொற்களோடு குழப்பாதீர்கள்

‘ஸ்லம்ப்’ என்றால் விழுந்து அங்கேயே படுத்துக் கிடப்பது, தமிழில் ‘மந்தநிலை’. ‘டிப்’ சின்ன இறக்கம், மறுபடி ஏறிவிடும். ‘நோஸ்டைவ்’ விமானத்தின் மூக்கு கீழே பார்க்கப் பாய்வது. ‘தலைகுப்புற’ என்பது அதற்குத்தான் கச்சிதம். ‘ஃப்ரீஃபால்’ என்றால் இன்னும் அடி தட்டவில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது.

‘டெயில்ஸ்பின்’ கொஞ்சம் சிக்கல். விமான இறக்கைகளில் ஒன்று மற்றதைவிட அதிகமாகத் தூக்குவிசையை இழக்கும்போது விமானம் சுழன்றபடி இறங்கும். விமானி எஞ்சின் விசையைக் குறைத்து, சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுக்கானை மிதித்து, மூக்கைக் கீழே தள்ளித்தான் மீட்க வேண்டும். பதற்றத்தில் மூக்கைத் தூக்கினால் சுழற்சி தொடரும். அதனால் இந்தச் சொல் ஒரு பொருளாதாரத்துக்கோ நிறுவனத்துக்கோ ஒருவரின் வாழ்க்கைக்கோ வரும், வெறும் எண்ணுக்கு வராது. ‘நிலைகுலைந்து தடுமாறுகிறது’ என்பது நெருங்கி வரும்.

மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி மாணவர்கள் ஆங்கிலக் கட்டுரையில் இந்தச் சொல்லை விரும்பிப் போடுவார்கள், சில இடங்களில் சறுக்குவார்கள். எழுத்துக்கூட்டலில் ‘எம்’ இரண்டு, இறந்தகாலத்திலும் ‘டி’ எழுத்து இரட்டிக்காது. அழுத்தம் முதல் அசையில் விழுவதுதான் காரணம். உச்சரிப்பும் ‘பிளமிட்’ என்றுதான் வரும், கடைசியை இழுக்கக் கூடாது. ‘டவுன்’ சேர்க்க வேண்டாம், மேலே விழுவது எதுவுமில்லை. ‘சற்று’ என்று பொருள்படும் ‘ஸ்லைட்லி’யை இதன் அருகில் வைத்தால் முரண். ‘வாஸ் பிளம்மெட்டட்’ என்று செயப்பாட்டு வினையாக எழுதினால் பிழை. வீழ்ச்சியைக் குறிக்கும் பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘பிளஞ்ச்’ அல்லது ‘ஸ்லம்ப்’ எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்த் தாளிலும் ஒன்று உண்டு. ‘அதிரடி வீழ்ச்சி’ என்று எழுதாதீர்கள். அதிரடி என்பது ஒருவர் துணிந்து செய்வது. கட்டணம் துணிந்து விழுவதில்லை. ‘வரலாறு காணாத’ என்பதையும் பழைய எண்களைப் பார்த்த பிறகே போடுங்கள்.

படி 6: மூலமே தவறாக இருக்கலாம்

2024 மே 21ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ321 விமானம் கடும் காற்றுக்கொந்தளிப்பில் சிக்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தனர், விமானம் பேங்காக்கிற்குத் திருப்பிவிடப்பட்டது. முதல் நாள் செய்திகளில் உலகம் முழுக்க, விமானம் சில நிமிடங்களில் 6,000 அடி ‘பிளம்மெட்’ ஆனது, ‘பிளஞ்ச்’ ஆனது என்று வந்தது. விமானத் தடமறியும் தளங்களில் 37,000 அடியிலிருந்து 31,000 அடிக்கு இறங்கும் கோடு இருந்ததே காரணம்.

பிறகு போக்குவரத்து அமைச்சின் விசாரணைப் பிரிவு வெளியிட்ட முதற்கட்டத் தகவல் வேறு கதை சொன்னது. விமானம் திடீரென இழந்த உயரம் 178 அடி, அதாவது சுமார் 54 மீட்டர். அதற்கு ஆன நேரம் 4.6 விநாடி. ஆள்களைக் கூரையில் மோதவிட்டது அந்த 4.6 விநாடிதான். 6,000 அடி இறக்கமோ அதற்குப் பதினேழு நிமிடங்கள் கழித்து, விமானிகள் தாங்களே தொடங்கிய வழக்கமான இறக்கம். ஏறக்குறைய மூன்று நிமிடங்கள் எடுத்தது.

முதல் நாள் இரவு தமிழில் எழுதியவர் ‘6,000 அடி பாதாளத்தில் பாய்ந்தது’ என்று எழுதியிருந்தால் மறுவாரம் திருத்தம் போட வேண்டியிருந்திருக்கும். ‘37,000 அடியிலிருந்து 31,000 அடிக்கு இறங்கியது’ என்று எழுதியவருக்கு ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருந்திருக்காது. எவ்வளவு நேரத்தில் என்பது மூலத்தில் தெளிவாக இல்லாதபோதெல்லாம் ‘இறங்கியது’, ‘குறைந்தது’ இரண்டும் பத்திரமான வினைகள். உறுதியான தகவல் வந்த பிறகு ‘வீழ்ந்தது’ என்று ஏற்றிக்கொள்ளலாம். அச்சில் ஒருமுறை வீழ்த்திய விமானத்தை மறுபடி தூக்கி நிறுத்துவதுதான் கடினம்.